அடங்காத கராஜ் கதவு

"என்னங்க, கராஜ் கதவு மறுபடியும் திறந்துக்கிச்சு!" ஜன்னலோரம் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த மார்லிஸ் கத்தினாள்.

லைல் சாய்வு நாற்காலியிலிருந்து முனகிக்கொண்டே எழுந்தார். ரிமோட் எப்போதோ தொலைந்துவிட்டது. கொல்லைப்பக்கம் பனியில் நடந்துபோய், கராஜ் சுவரில் இருக்கும் சுவிட்சை அழுத்தினால்தான் மூடும். சென்சாரைத் துடைத்துப் பார்த்தார், வயரை மாற்றிப் பார்த்தார். அவர் உட்கார்ந்தால் போதும், அந்தச் சனியன் திறந்துகொள்ளும்.

"பேசாம புதுசு ஒண்ணு வாங்கிடறேன்."

"பழசுக்கு என்ன குறைச்சல்? அதுவும் நம்மள மாதிரிதானே! போய் மூடிட்டு வாங்க."

அந்த வாரம் லைலைப் பரிசோதித்த இதய டாக்டர் அசந்துபோனார். "பரவாயில்லையே! நடக்கச் சொன்னா சண்டைக்கு வருவீங்க. இப்ப தினம் நடக்கறீங்க போல?"

"நடையாவது மண்ணாவது! பாழாப்போன கதவ மூடவே பொழுது சரியா இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மார்லிஸ் கூரையைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலைத் தேடி அவளுடைய நூல்கூடைக்குள் கையை விட்டார் லைல். தொலைந்துபோன ரிமோட் தட்டுப்பட்டது.

சமையலறையில் அவள் காபி போடும் சத்தம். ரிமோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, நாற்காலியில் போய்ச் சாய்ந்தார்.

சற்று நேரத்தில் ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது. "என்னங்க, கதவு..."

"இந்தச் சனியனை யாராலயும் ரிப்பேர் பண்ண முடியாது போல," என்றபடி பூட்ஸை மாட்டினார்.