மூன்று நோட்டுகளில் ஒரு பூனை

ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் ஒரு பூனை சொகுசாக வாழ்ந்து வந்தது. நூலகத்தில் அதன் பெயர் பொன்னி, வேதியியல் துறையில் ரோஸி, விடுதியில் பட்டு. மூன்று இடத்திலும் தனித்தனி நோட்டில், "எலித் தொல்லை உண்டு, பூனைக்குப் பால் ஒரு கிண்ணம்" என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்த எலித் தொல்லை வேறு யாருமில்லை, பூனையின் கூட்டாளியான சுண்டெலிதான். அது முதலில் போய்த் தலையைக் காட்டும். பின்னாலேயே பூனை போய் நிற்கும். கிடைக்கிற பாலில் ஆளுக்குப் பாதி.

ஒருநாள் எல்லா நோட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஒரே வாரத்தில் அது பூனையைக் கூப்பிட்டது.

"பொன்னி, ரோஸி, பட்டு மூணும் நீதானே? எலியும் ஒண்ணுதான். அது போன இடத்துக்கெல்லாம் பத்தே நிமிஷத்துல நீயும் போயிருக்க. நாளைக்கு அறிக்கை துணைவேந்தர் மேசைக்குப் போகுது."

பூனை சுண்டெலியிடம் ஓடியது. "மூணு கிண்ணமும் போச்சே!" என்று புலம்பியது.

"இவ்வளவு விஷயம் தெரிஞ்சவரை நான் இன்னும் நேர்ல பார்க்கலையே," என்றது சுண்டெலி. கம்ப்யூட்டர் அறைக்குப் போய், இருப்பதிலேயே தடித்த வயரை முகர்ந்து, மெல்லப் பல் வைத்துப் பார்த்தது.

மறுநாள் அறிக்கை போனது: "மூன்று இடங்களிலும் மூன்று பூனைகள் நன்றாக வேலை பார்க்கின்றன. கம்ப்யூட்டர் அறைக்கு உடனடியாக நான்காவது பூனை தேவை."