கடமானுக்கு இன்று ஏழு வயது

அலாரம் அலறியதும் எழிலரசு கட்டிலிலிருந்து குதித்தான். கம்ப்யூட்டர் வேட்டை விளையாட்டில், குட்டியாக இருந்தபோதிருந்தே அவன் கண்வைத்திருந்த கடமானுக்கு இன்று ஏழு வயது. விளையாட்டை அணைத்து வைத்தாலும் அந்தக் காட்டில் நிஜ நாட்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கொம்பு முழுதாக வளர்ந்த இன்று சுட்டால் தங்கக் கோப்பை. விட்டால் மானுக்கு முதுமைதான்.

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, விளையாட்டுக்கான வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துப்பாக்கியோடு காட்டில் இறங்கினான். பயந்து ஓட வேண்டிய மான், துள்ளி வந்து அவன் கையை முகர்ந்தது.

"வசு, இங்க பாரேன்! பயமே இல்லாம கிட்ட வருது!"

சமையலறையிலிருந்து மனைவி வசுமதி பதறி ஓடிவந்தாள்.

"ஐயோ, சுட்டுடாதீங்க! நீங்க ஆபீஸ் போனப்புறம் உங்க ஐடியில போய் தினமும் நான்தான் அதுக்குத் தழை போடுறேன். அதுவும் போயிட்டா, பகல் பூரா நான் யார்கூடங்க பேசுவேன்?"