றுக்ஸானாவின் நகங்கள்

"மூணு மாசமா முட்டையும் மீனும் தீத்துறன் டொக்டர். இஞ்ச பாருங்க, இது மனிசர்ர நகமா?"

கல்முனையில் டொக்டர் சுஜித்தாவின் கிளினிக். றபீக்கா மகளின் வலது கையை இழுத்து மேசையில் வைத்தாள். நகங்கள் சதை தெரியத் தேய்ந்து, ஓரங்களில் இரத்தம் காய்ந்திருந்தது.

"என்ன சாப்பிடுறீங்க தங்கச்சி?"

"அவள்ட்ட என்னத்தக் கேக்கிறீங்க, என்னட்டக் கேளுங்க! காலைல ரெண்டு முட்டை. பகலைக்கு சூடை மீன், முருங்கை இலைச் சுண்டல். பின்னேரம் கச்சான் கடலை. படுக்கக்குள்ள தேங்காண்ணெய் பூசி உடுறன். சவக்காரத் தண்ணில கை வைக்க உடுறல்ல, சட்டி பானை எல்லாம் நான்தான் கழுவுற. இன்னும் என்னத்தச் செய்ய?"

டொக்டர் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்தார். "சத்துக் குறை ஒண்டுமில்ல. இது கடிச்ச நகம்."

"கடிக்கிறியா?" றபீக்கா மகளின் தோளில் ஓங்கி அடித்தாள். "இருவத்தாறு வயசுல நகம் கடிக்க வெக்கமில்லையாடி? மூணு மாசமா என்னப் பைத்தியக்காரியாக்கிட்டாயே!"

றுக்ஸானா இடது கையை அபாயாவுக்குள் மறைத்தாள்.

"அடிக்கிறெண்டா வெளியில போங்க!" டொக்டருக்கும் கோபம் வந்துவிட்டது. "சின்னதிலயும் கடிப்பாவா?"

"எங்க டொக்டர்! போன பெருநாளைக்கு நான்தான் மருதோண்டி போட்டு உட்டன். ஒவ்வொரு நகமும் கண்ணாடி மாதிரி மினுங்கிச்சி."

"அப்ப எப்ப இருந்து இப்படி?"

"அதுக்குப் பிறகுதான். மருமகன் கட்டாரால வந்தாரே, அந்தக் கிழமையில இருந்து..."

றபீக்காவின் குரல் பாதியில் நின்றது. மகளைத் திரும்பிப் பார்த்தாள். மேசையில் கிடந்த கையை மூடியிருந்த அபாயாவின் கைப்பகுதியை மெதுவாக முழங்கை வரை உயர்த்தினாள். கன்றிப்போன விரல் தடங்கள், பழையதும் புதியதுமாக.

"ஏன்டி எனக்கிட்டச் சொல்லல்ல?"

"சொன்னா உங்களையும் அடிப்பாராம் உம்மா."

அன்று பின்னேரம் மருமகன் றிபாஸ் வந்தபோது கேற் பூட்டிக் கிடந்தது. அவனுடைய உடுப்புப் பெட்டி ரோட்டில் இருந்தது. கேற்றுக்கு உள்ளே, கையில் விளக்குமாற்றோடு மாமியார் நின்றாள்.

"இது என்ர மகள்ட ஊடு. நீ உன்ட உம்மாட ஊட்ட போ!"