இடக்கைக்கு மாட்டிய உறை

கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு மூலக்கூறுக்கு இரண்டு கைகள். வலக்கை ஒரு துணையோடு சேர வேண்டும். இடக்கையோ அவசரக்காரன், கண்டதையும் பிடித்துக் காரியத்தைக் கெடுப்பான். அதனால் ஆய்வகத்தில் அவனுக்கு ஓர் உறை மாட்டினார்கள்.

எவ்வளவு கொதித்தும் உறை பிடியை விடவில்லை. வலக்கைக்குத் துணை சேர்ந்தது.

"இனிமே நான் இங்கேயே இருந்துக்கலாமா தம்பி?" என்று களைப்போடு கேட்டது உறை.

"அதெப்படிண்ணே? அடுத்து நான் என் துணையோட சேர வேண்டாமா? உங்களைக் கழற்ற அமிலம் வருது" என்றான் இடக்கை.

"அலமாரியில எத்தனையோ உறை இருந்துச்சு. உறுதியானவன்னுதானே என்னை எடுத்தாங்க?"

"இல்லண்ணே. சுலபமா கழண்டுருவீங்கன்னுதான்."

அமிலம் வந்தது. அந்த வகை உறை உடனே கழன்றுவிடும். இது மட்டும் சாயங்காலம்வரை பிடித்துக்கொண்டிருந்தது.