கையுறைத் தேர்வு

தோல் ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் கணினி வகுப்பு. இன்றைய தேர்வில் நிரல் எழுதிக் காட்டுகிறவர்கள் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டி வேலையை விட்டு மாடி அலுவலகத்துக்குப் போகலாம். தேர்வு தொடங்கும் நேரத்தில் மேலாளர் ஆளுக்கொரு ஜோடி பாலித்தீன் கையுறையை நீட்டினார்.

"வாடகை மிஷினுங்க. நாத்தம் ஒட்டிக்கிச்சுன்னா திருப்பி எடுக்க மாட்டான்."

தொட்டி நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த பயிற்சியாளர் மரியபுஷ்பம் அப்போதுதான் தன் கையை முகர்ந்து பார்த்தாள்.

தொளதொளத்த உறைக்குள் விரல் ஒரு எழுத்தை அழுத்தினால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழுந்தது. திரை முழுக்கப் பிழை.

"இத்த மாட்டிக்கினு சோறுகூட துன்ன முடியாது மேடம்" என்று அஞ்சலை உறையைப் பல்லால் கடித்து உருவி எறிந்தாள். சுண்ணாம்பு அரித்து வெளுத்த விரல்கள் விறுவிறுவென்று ஓடின. ஒரே ஒரு வரிதான் பாக்கி.

மேலாளர் பாய்ந்து வந்தார். "கைய எடும்மா!"

"நாங்க ஊற வெச்ச தோலு ஒங்க காலுல ஷூவா கீதே சார், அது நாறலியா?"

அவர் விசைப்பலகையின் வயரைப் பிடுங்கினார். செத்த எலியைத் தூக்குவதுபோல் பலகையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

"நேரம் இன்னும் முடியலியே மேடம்?"

"முடியல. எழுதுங்க" என்றாள் மரியபுஷ்பம்.

அஞ்சலை வெறும் மேசைமேல் கடைசி வரியை அடிக்க ஆரம்பித்தாள். மரியபுஷ்பம் குனிந்து அந்த விரல்களைப் படித்தாள்.