அரைநாள் விடுப்பு

திருச்சிக்கும் டொராண்டோவுக்கும் இடையே விமானம் நாற்பதே நிமிடத்தில் பறக்கத் தொடங்கியதும், அலுவலகத்தில் சாவு விடுப்பை அரைநாளாகக் குறைத்துவிட்டார்கள். அப்பாவுக்குக் கொள்ளி வைக்கப் பறந்து வந்த நன்மாறன், தலையை மழித்துக்கொண்டு, ஈர வேட்டியோடு தகனமேடை வரிசையில் நின்றான். முன்னால் ஏழு பாடைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கைபேசியைப் பார்த்தபடி ஒரு வெளிநாட்டு மகன்.

"பிளைட்டுக்கு நேரமாச்சுல்ல தம்பி? நெஞ்சு மேல கற்பூரத்தை ஏத்திட்டுக் கெளம்புங்க. மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்றார் தகனமேடை ஊழியர். பல பேரிடம் சொல்லிப் பழகிய குரல்.

ஏற்றினான். திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

டொராண்டோவில் அவன் வேலையில் உட்கார்ந்த சற்று நேரத்தில் தங்கை அழைத்தாள்.

"கற்பூரம் அப்பவே அணைஞ்சிடுச்சுண்ணா. அப்பாவுக்கு முன்னால இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க."