நாக்கில் ஒட்டாத கல்

அவள் கல்லை உதட்டருகே கொண்டுபோய் நாக்கு நுனியை அதன்மேல் வைத்தாள்.

டெல்லி தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த மூவரும் சிரித்தார்கள்.

"எங்க ஜெசிந்தா மேடம் கல்லையும் விட்டுவைக்க மாட்டாங்க" என்றார் பொது மேலாளர் பாஷ்யம்.

இன்னும் கொஞ்சம் சிரிப்பு.

கல் ஒட்டவில்லை. கண்ணாடிமேல் வழுக்குவதுபோல் நாக்கு வழுக்கிக்கொண்டு போனது.

நுண்துளையுள்ள மணற்பாறை என்றால் எச்சிலை உறிஞ்சும். நாக்கைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் துளைகளில்தான் எரிவாயு தங்க முடியும். இது இறுகிப்போன மணல். ஊசி நுழைய இடமில்லை.

பூமிக்குள் அதற்கும் கீழே கிடந்த கருப்புக் களிப்பாறைமேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கோடிக்கணக்கான வருடம் பூமிச் சூட்டில் வெந்து, தன்னிடமிருந்த வாயுவையெல்லாம் மேலே அனுப்பிவிட்டது. வாங்கி வைத்துக்கொள்ளத்தான் மேலே பாறையில்லை.

ஐப்பசியிலிருந்தே பாஷ்யத்திடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர் கேட்டுக்கொண்டே மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார்.

இன்று இங்கே வாயு இருக்கிறது என்று அறிவித்துவிட்டால், சேந்தன்கோட்டகம் ஊர் முழுக்க எரிவாயுக் கிணறு தோண்டலாம். கொட்டகைக்கு வெளியே சம்பா பால்பிடித்து நின்றது. வயலுக்குள் கிணறுகளுக்கு இடம் குறித்துச் சிவப்புக் கொடிகளை நட்டாயிற்று.

"என்ன மேடம், ஒட்டுதா?"

"நீங்களே நக்கிப் பாருங்க சார்."

சிரிப்பு நின்றது.

பாஷ்யம் இரண்டு கையாலும் கல்லை வாங்கினார், கோயில் பிரசாதம் வாங்குவதுபோல. நக்கினார்.

"நல்லா ஒட்டுது" என்றார்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கரப்பான்பூச்சிமேல் யார் கோபப்படுவார்கள்?

இன்னொருவரும் பார்க்கட்டுமே என்றார் மூவரில் வயதானவர்.

பாஷ்யம் அமல்ராஜைக் கூப்பிட்டார்.

அவளுக்கு மூச்சு வந்தது. அமல்ராஜும் புவியியல் படித்தவன். பூமிக்கடியிலிருந்து வந்த பாறையை அவளோடு சேர்ந்து அறுத்தவன். நேற்று இதே கல்லை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "செத்த கல்லு, ஜெசி" என்றவன்.

மாதா கோயிலில் இருவர் பெயரையும் சொல்லிக் கல்யாண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை வரும் ஞாயிறு, அதன்பின் கல்யாணம்.

அமல்ராஜ் அவள் பக்கம் திரும்பவில்லை. கல்லை நாக்கில் வைத்து எடுத்தான். அவ்வளவு அவசரத்தில் ஒரு குழந்தைகூட மருந்து குடிக்காது.

"ஒட்டுது சார்."

மூவரும் பாஷ்யத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். யாரோ லட்டுப் பெட்டியைத் திறந்தார்கள்.

அவள் கல்லைப் பெட்டியில் அதன் இடத்தில் வைத்து மூடினாள். அவசரப்படவில்லை.

வெளியே ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. பின்சீட்டில் அமல்ராஜ் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.

"லேசா ஒட்டத்தானே செஞ்சுது, ஜெசி?"

அவன் உதட்டோரத்தில் லட்டுத் துணுக்கு இருந்தது.

அவள் பார்த்தாள். பாஷ்யத்திடம் தோன்றாத அருவருப்பு இது.

"வாயைத் துடைச்சுக்குங்க, அமல்ராஜ் சார்."

ஜீப் கதவை வெளியிலிருந்து சாத்தினாள்.